மெய் கற்கும் கல்வி

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் நுட்பமானதொரு வேறுபாடு உண்டு. பிள்ளை கணக்குப் படிக்கும், சரித்திரம் படிக்கும், ஆங்கிலமும் படிக்கும். ஆனால் சைக்கிள் 'படிக்கும்' என்று எவரும் சொல்வதில்லை. சைக்கிள் ஓடப் பழகும், நீந்தப் பழகும், மிருதங்கம் பழகும், பரதம் பழகும். ஏட்டோடு வரும் கல்விக்கு ஒரு வினைச்சொல்லும் உடம்போடு வரும் கல்விக்கு மற்றொரு வினைச்சொல்லுமாக மக்கள் வகுத்து வைத்திருக்கின்றனர். இவ்விரண்டாம் சொல்லே மனிதர் ஒருவரோடொருவர் கொள்ளும் உறவையும் குறிப்பது கருதத்தக்கது. ஒருவரோடு பழகுவதென்றால், வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு மனநிலைகளில் அவரைக் கண்டு பேசி, அவர் இன்னவாறு நடப்பார் என்பதை எவரும் சொல்லாமலே உணர்ந்து கொள்ளுதல். அவரைப் பற்றிய குறிப்புகளை மனனஞ் செய்தால் அது கைகூடாது. சைக்கிளோடும் நீரோடும் பந்தோடும் உடம்பு கொள்ளும் உறவும் இத்தகையதே.

இவ்வேறுபாட்டை வகுத்தவர் உளவியல் கற்றவரல்லர். ஆயினும், விளையாட்டில் இயக்கத்திறன் எவ்வாறு கைவருகிறது என்பது பற்றி இருபதாம் நூற்றாண்டின் ஆய்வாளர் அரிதின் முயன்று கண்ட உண்மைகள் சில, 'பழகுதல்' என்னும் அச்சொல்லுள் முன்னரே பொதிந்து கிடக்கின்றன எனலாம். வருந்தத்தக்கது யாதெனில், பாடசாலை மைதானங்கள் அச்சொல்லை மறந்து விட்டமையே. வகுப்பறையில் 'பாடமாக்கும்' பழைய நோய், வெண்கட்டிக் கோடுகளைத் தாண்டி, ஓடுகளத்துக்கும் பந்தாடுகளத்துக்கும் பரவியிருக்கிறது.

முதலில் சைக்கிளையே எடுத்துக்கொள்ளலாம். குடாநாட்டில் அதனைப் பழகாத பிள்ளை அரிது. சிறுவர்க்கெனச் சிறிய சைக்கிள்கள் கடைகளுக்கு வருமுன்னர், தகப்பனாரின் பெரிய சைக்கிளே பிள்ளையின் பயிற்சிக்களம். ஆசனம் எட்டாது. எனவே 'பாரு'க்குக் கீழால் ஒரு காலை நுழைத்து, சைக்கிள் ஒருபக்கமும் உடம்பு மறுபக்கமுமாகச் சாய, அரைமிதி மிதித்து ஒழுங்கையில் ஊர்ந்து செல்லும். இவ்வாறு ஓடும்படி எந்தப் பயிற்றுநரும் கற்பித்ததில்லை. எந்த நூலிலும் அதற்கு விளக்கப்படம் இல்லை. உயரமான சைக்கிள், குட்டையான கால்கள், ஒடுங்கிய ஒழுங்கை ஆகிய மூன்றும் சேர்ந்து எழுப்பிய வினாவுக்குப் பிள்ளையின் உடம்பு கண்ட விடை அது. அண்ணனோ மாமனோ கரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவருவார். ஒரு கட்டத்தில் சொல்லாமலே கையை விடுவார். பிடித்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் பிள்ளை இருபது யார் தூரம் நிமிர்ந்து ஓடிவிடும். திரும்பிப் பார்த்ததும் கிளுவை வேலியிற் போய் விழும். ஓடியதும் விழுந்ததும் ஒருங்கே கல்விதான்.

இப்படிப் பழகிய பிள்ளை எதனைக் கற்றது? இடப்புறம் திரும்ப விரும்பும் ஓட்டுநர், அதற்கு முன்னர்க் கணப்பொழுது கைபிடியைச் சிறிது வலப்புறம் திருப்புகிறார். அதனால் சைக்கிள் இடப்புறம் சாய்கிறது. அச்சாய்வைத் தொடர்ந்தே திருப்பம் நிகழ்கிறது. பௌதிகம் கூறும் இவ்வுண்மையை நாற்பது ஆண்டுகள் சைக்கிள் ஓடியவரிடம் சொன்னால் நம்ப மறுப்பார். வாய் அறியாததைக் கை அறிந்திருக்கிறது. இங்கே சொல்லால் ஊட்டப்பட்ட அறிவு எதுவும் இல்லை. ஊட்ட முயன்றிருந்தால் பிள்ளை இன்னும் பலமுறை விழுந்திருக்கும்.

சொல்லுக்கு இடமே இல்லை என்று இதனாற் கொள்ளலாகாது. பிற்ஸ், போஸ்னர் என்னும் உளவியலாளர் இருவர் 1967 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், திறன் கற்றலை மூன்று படிகளாக வகுத்தனர். முதற்படியில் கற்பவர் என்ன செய்வதெனச் சிந்திக்கிறார், அசைவுகள் தடுமாறுகின்றன, அறிவுரை பயன் தருகிறது. இரண்டாம் படியில் பிழைகள் குறைந்து, அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் படியில் செயல் தானாகவே நிகழ்கிறது. கவனம் வேறு விடயங்களுக்கு விடுதலை பெறுகிறது. கரப்பந்தாட்டத்தில் பந்தை உயர்த்திக் கொடுப்பவர் தம் விரல்களைப் பற்றி எண்ணாது, எதிரணியின் தடுப்பு எங்கே நிற்கிறது என்று நோக்குவது மூன்றாம் படியின் அடையாளம். அவரிடம் போய் விரல்களைப் பற்றிப் பேசினால் அடுத்த பந்து கைநழுவும். முதற்படிக்கு ஏற்ற மருந்தை மூன்றாம் படியிலும் புகட்டும் பயிற்றுநரால் விளையும் கேடு சிறிதன்று.

படிகள் எத்தனையாயினும், ஒரு படியிலிருந்து மறு படிக்கு ஏற்றுவது எது? 'செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தல்' என்பது பொதுவான விடை. இவ்விடையின் குறைபாட்டை மிக முன்னரே கண்டவர் உருசிய நாட்டு உடலியலாளர் நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன். 1920களில் மொஸ்கோவில், உளியின் தலையிற் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் அசைவுகளை அவர் ஆராய்ந்தார். கைமூட்டுகளிற் சிறு மின்குமிழ்களைப் பொருத்தி ஒளிப்படம் பிடித்தபோது வியப்பானதொன்று புலப்பட்டது. சுத்தியல் ஒவ்வொரு முறையும் உளியின் தலையிலே தவறாது வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழிகள் அடிக்கு அடி வேறுபட்டன. ஒரே அடியை அவர் இருமுறை அடித்ததில்லை. ஒரு மூட்டின் சிறு பிழையை மற்றொரு மூட்டு அவ்வப்போதே ஈடுசெய்தது. தேர்ச்சி என்பது ஓர் அசைவை அச்சில் வார்த்து வைத்திருத்தல் அன்று. ஒரு பணியை ஒவ்வொரு முறையும் புதிதாக நிறைவேற்றும் வல்லமை. இதனையே பேர்ன்ஸ்டைன், மீளச் செய்யாமல் மீளச் செய்தல் என்னும் முரண்போலத் தோன்றும் சொற்றொடரால் விளக்கினார். நம்மூர்க் கொல்லன் பட்டறையிலும் இதனைக் காணலாம், காண்பதற்குத்தான் ஆளில்லை.

இவ்வாறான பயிற்சிக்கு யாழ்ப்பாணம் வறுமைப்பட்டிருந்ததில்லை. கிளித்தட்டை எடுத்துக்கொள்க. நிலத்திற் கீறிய நீள்கோடு ஒன்று. அதனைக் குறுக்கறுக்கும் கோடுகள் சில. குறுக்குக் கோடுதோறும் ஒரு காவலர். நீள்கோட்டில் ஓடித்திரியும் உரிமையுடைய 'கிளி' ஒருவர். அடிபடாமற் கோடுகளைக் கடந்து மறுகரை சென்று திரும்புதலே ஆட்டம். கடப்பவர் இடப்புறம் பாய்வதாகப் பாசாங்கு செய்து வலப்புறம் நழுவ வேண்டும். காவலரின் கண் தன்மீதிருந்து கணநேரம் விலகியதை உணர வேண்டும். முதுகுப்புறம் கிளி எத்துணைத் தூரத்தில் வருகிறது என்பதை மணலிற் காலடி ஓசையால் அறிய வேண்டும். ஓட்டம், திடீர் நிறுத்தம், திசைமாற்றம், எதிரியின் எண்ணத்தை ஊகித்தல் ஆகியவை எல்லாம் ஒரே மூச்சில் நிகழ்வன. ஒருமுறை கைகொடுத்த உபாயம் மறுமுறை கைகொடாது. ஏனெனில் காவலரும் பழகுகிறார். உதைபந்தாட்டத்திலும் வலைப்பந்தாட்டத்திலும் வேண்டப்படும் திறன்களின் கரு இதனுள் உள்ளது. இதற்கு வேண்டிய உபகரணம் ஒரு தடி. அதுவும் கோடு கீறுவதற்கு.

மாறுபடும் பயிற்சியின் பயனை ஆய்வுகளும் உறுதிப்படுத்தின. 1978 ஆம் ஆண்டு கேர், பூத் என்போர் எட்டு வயதுப் பிள்ளைகள் சிலரைக் கொண்டு நிகழ்த்திய சோதனை எளிமையானது. ஒரு பகுதியினர் அவரை விதை அடைத்த சிறு பையை மூன்றடித் தூரத்திலுள்ள இலக்குக்கே எறிந்து பழகினர். மற்றப் பகுதியினர் இரண்டடிக்கும் நான்கடிக்கும் எறிந்து பழகினர், மூன்றடிக்கு எறியவேயில்லை. பன்னிரண்டு கிழமைகளின் பின் அனைவரையும் மூன்றடித் தூரத்திற் சோதித்தபோது, அத்தூரத்தில் ஒருபோதும் பயிலாதவரே மேம்பட்டு நின்றனர். அடுத்த ஆண்டு ஷே, மோர்கன் என்போர் வேறொன்றைக் காட்டினர். கையசைவு மூன்றினை ஒவ்வொன்றாக முடித்துப் பழகியோர் பயிற்சியின்போது விரைந்து தேறினர். மூன்றையும் கலந்து பழகியோர் தடுமாறினர். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதிக்கையில் தடுமாறியவர் கையில் திறன் எஞ்சியிருந்தது. விரைந்து தேறியவர் பெரும்பாலும் இழந்திருந்தனர். பூப்பந்தாட்டத்தின் மூவகைப் பரிமாறல்களை வைத்து 1986 ஆம் ஆண்டு குட், மகில் என்போர் செய்த ஆய்வும் இம்முடிவையே தந்தது.

பயிற்சி நாளிற் காணப்படும் சிறப்பு, கற்றதற்குச் சான்றாகாது என்பதே இவற்றின் உட்பொருள். ஒரே இடத்தில் நின்று ஒரே பந்தை ஐம்பது முறை அடிக்கும் மாணவனைக் காண்கையில் ஆசிரியர் மகிழ்கிறார், அதிபரும் மகிழ்கிறார், ஐம்பதாவது பந்து அழகாகவே செல்கிறது. அடுத்த கிழமை ஆட்டத்தில் அப்பந்து அவ்விடத்துக்கு வருவதில்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு பாடமாக்கிய விடைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டால் திகைக்கும் மாணவனும், பந்து சிறிது எழும்பி வந்தால் திகைக்கும் துடுப்பாட்டக்காரனும் ஒரே கல்விமுறையின் பிள்ளைகளே. பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபங்களும் இந்நோய்க்கு விலக்கல்ல என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

கரியரிற் பிடித்த கை சொல்லாமல் விடுபட்டதை மேலே கண்டோம். அதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. வின்ஸ்டைன், சிமிட் என்போர் 1990 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு முயற்சியின் பின்னும் பிழை சுட்டப்பட்டோரைவிட, ஏறத்தாழப் பாதி முயற்சிகளுக்கு மட்டுமே பிழை சுட்டப்பட்டோர் பின்னர் நன்கு செய்தனர். இடைவிடாத திருத்தம் ஊன்றுகோலாகி விடுகிறது. கோலை எடுத்ததும் கால் தள்ளாடுகிறது. தன் பிழையைத் தானே உணரும் வாய்ப்பைக் கற்பவர் இழக்கிறார். மைதான எல்லையில் நின்று ஒவ்வொரு பந்துக்கும் உரத்த குரலில் கட்டளையிடும் பயிற்றுநரின் ஊக்கத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. எனினும் அவர் குரல் ஓய்ந்த நேரங்களிலேயே மாணவர் அதிகம் கற்றிருப்பர் என்பது ஒருவகைக் கொடிய வேடிக்கை.

சொல்வதாயினும் எதனைச் சொல்வது என்பது மற்றொரு வினா. ஜேர்மனியரான கப்ரியேல வுல்வ் என்பாரும் அவர்தம் துணைவரும் 1998 ஆம் ஆண்டு, பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறி ஒன்றில் நின்று பழகுவோரை ஆராய்ந்தனர். தம் பாதங்களின்மீது கவனத்தை வைக்கச் சொல்லப்பட்டோரைவிட, பாதங்களுக்குக் கீழே உருளும் சில்லுகளின்மீது கவனத்தை வைக்கச் சொல்லப்பட்டோர் நன்கு கற்றனர். அங்குலக் கணக்கிலேயே உள்ள இவ்விடைவெளி பெரும் வேறுபாட்டை விளைத்தது. 'முழங்கையை மடக்காதே, மணிக்கட்டைத் திருப்பு' என்பதற்குப் பதில், 'பந்து வளையத்தின் பின்விளிம்புக்கு மேலாக விழட்டும்' என்று ஒரு வலைப்பந்தாட்டப் பயிற்றுநர் சொல்லலாம். உடம்பு தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

வலைப்பந்தாட்டம் என்றதும் குடாநாட்டார் எவருக்கும் தர்ஜினி சிவலிங்கத்தின் பெயர் நினைவுக்கு வரும். 2.08 மீற்றர் உயரமுடைய அவர், 2018 ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியின் தூணாக விளங்கினார். அவர் திறமை முழுவதையும் உயரத்தின் கணக்கிற் பதிந்துவிடுவது பார்வையாளர் வழக்கம். உயரம் பிறப்பால் வந்தது, ஐயமில்லை. ஆனால் இருவர் நெருக்கி நிற்கையில் தலைக்கு மேலே கைகளை நீட்டி, வேகமாக வரும் பந்தைப் பற்றி, கால் விதி பிறழாது தரையிறங்கி, உடனே அமைதியாக இலக்கு நோக்குதல் பிறப்பால் வருவதில்லை. அவருக்கு அத்தகைய உயரத்திற் பந்து கொடுக்கக் கற்ற தோழியரின் கைகளையும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

'பிறவித் திறமை' என்னும் இவ்வெண்ணம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் வரலாற்றையும் மறைத்து நிற்கிறது. 1934 ஆம் ஆண்டு பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற அவர், 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவில் உயரம் பாய்தலிற் பங்குபற்றியபோது பதினெட்டு வயது நிரம்பாத மாணவர். 1956 ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958 ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம் பாய்ந்து, அவ்விழாவின் புதிய சாதனையோடு தங்கப்பதக்கம் வென்றார். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அது. 1962 ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில் வெள்ளி. இடையே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். உயரம் பாய்தலின் அன்றைய தலைநகர் என அந்நகரைக் கூறலாம். ஏழடி உயரத்தை உலகில் முதன்முதற் கடந்த சாள்ஸ் டுமாஸ் 1956 ஆம் ஆண்டு பாய்ந்த களம் அங்கேதான் இருந்தது.

ஊர் இவ்வரலாற்றைப் பெருமையோடு பேசும். பேசுகையில் ஹெல்சிங்கிக்கும் தோக்கியோவுக்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளை ஒரு மூச்சிற் கடந்துவிடும். அவ்வாறு ஆண்டுகளே வரலாறு. பதினேழு வயதில் ஒலிம்பிக் களத்தில் நின்ற ஒருவருக்கும் ஆசியாவின் முதல்வராக இருபத்துமூன்று வயது வரை பழக வேண்டியிருந்தது. இன்று குடாநாட்டிற் பதினேழு வயதில் நன்கு பாயும் மாணவனுக்கு அடுத்த ஆறு ஆண்டுகள் எங்கே இருக்கின்றன? உயர்தரப் பரீட்சையோடு அவன் விளையாட்டு வாழ்வு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. முதலிரு படிகளைக் கடந்து மூன்றாம் படியில் கால் வைக்கும் வேளையில் ஏணி எடுக்கப்படுகிறது.

உயரம் பாய்தலின் வரலாறு மற்றோர் உண்மையையும் உணர்த்தும். பழைய கத்தரிப் பாய்ச்சலிற் பாய்பவர் நிமிர்ந்தபடி கம்பைக் கடந்து காலூன்றி நிற்பார். 1912 ஆம் ஆண்டு ஜோர்ஜ் ஹொரைன் என்னும் அமெரிக்கர் பக்கவாட்டாக உருண்டு கடக்கும் பாணியில் 2.00 மீற்றர் பாய்ந்தார். பின்னர் வயிறு கம்பை நோக்கக் குப்புறக் கடக்கும் பாணி மேலோங்கியது; சோவியத் வீரர் வலெரி புருமெல் 1963 ஆம் ஆண்டு அப்பாணியில் 2.28 மீற்றரை எட்டினார். 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகு கம்பை நோக்க மல்லாந்து கடந்து, 2.24 மீற்றரோடு தங்கம் வென்றபோது பார்த்தோர் நகைத்தனர். பத்து ஆண்டு கழியுமுன் உலகமே அவரைப் பின்பற்றலாயிற்று. அப்பாணி அதற்கு முன்னர் ஏன் தோன்றவில்லை? மனித முதுகு அன்றும் வளைந்தது. ஆனால் பாய்பவர் வீழ்ந்த இடம் மணலாகவும் மரத்தூளாகவும் இருந்தது. மணலிற் கழுத்தும் தோளும் பட வீழத் துணிபவர் யார்? பஞ்சு மெத்தை வந்த பின்னரே முதுகால் வீழ்தல் இயலுவதாயிற்று. பாணி வீரரின் உடம்பில் மட்டும் இருப்பதன்று. அவர் வீழும் நிலத்திலும் இருக்கிறது. மெத்தையில்லாப் பாடசாலையில் கரும்பலகையிற் படம் வரைந்து பொஸ்பரிப் பாய்ச்சலை விளக்கும் ஆசிரியர், நீரில்லாக் கிணற்றில் நீச்சல் கற்பிப்பவரை ஒப்பார். அங்கே கத்தரிப் பாய்ச்சல் பாயும் மாணவனைப் பிற்போக்கானவன் என்று இகழ்தலும் தகாது. தன் களத்துக்கு ஏற்ற விடையையே அவன் உடம்பு கண்டிருக்கிறது.

கோலூன்றிப் பாய்தலில் இது இன்னும் கூர்மையாகிறது. மூங்கிலும் உலோகமும் போய், 1960களில் வளைந்து நிமிரும் கண்ணாடியிழைக் கோல் வந்தபின், அப்போட்டியின் இயல்பே மாறியது. பாய்பவரின் நிறைக்கும் ஓட்ட வேகத்துக்கும் ஏற்பக் கோலின் விறைப்பு அமைய வேண்டும். திறன் வளர வளர, விறைப்புக் கூடிய, நீளம் மிகுந்த கோல் வேண்டும். ஆகவே, ஒரு வீராங்கனையின் வளர்ச்சிக்கு ஒரு கோல் போதாது. வரிசையாகப் பல கோல்கள் வேண்டும். ஒரேயொரு கோலை வைத்திருக்கும் பாடசாலை, தன் மாணவியை அக்கோலின் அளவிலேயே நிறுத்தி விடுகிறது. பின்னர் 'அவளுக்கு இவ்வளவுதான் முடியும்' என்கிறது. இத்தகைய இடர்ப்பாடுகள் நிறைந்த துறையில், தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் 2010களிற் பெண்களுக்கான தேசிய சாதனையைப் பலமுறை புதுப்பித்தமை எளிய செய்தியன்று. 1990 ஆம் ஆண்டின் இடப்பெயர்வோடு வலிகாமம் வடக்கின் ஊர்களும் மைதானங்களும் நெடுங்காலம் மக்களுக்கு எட்டாதனவாகிக் கிடந்ததை அறிந்தவர்க்கு அதன் பெறுமதி விளங்கும். ஒரு தலைமுறை தான் ஓடிப் பழக வேண்டிய வயதில் உயிர் தப்ப ஓடியது.

துரையப்பா விளையாட்டரங்கு புதுப்பிக்கப்பட்டு 2016 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அரங்குகள் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் அரங்கு, பழகி முடித்தவர் வந்து போட்டியிடும் இடம். பழகும் இடம் ஊரின் வெறுங்காணியும் கோயில் வீதியும் ஒழுங்கையுமாகும். அவற்றிற் பிள்ளைகளைக் காண்பது அரிதாகி வருகிறது. பாடசாலை முடிந்து வீடு வந்து உணவருந்திய கையோடு தனியார் கல்வி நிலையத்துக்குச் சைக்கிள் புறப்படுகிறது; பொழுது சாயும்போது திரும்புகிறது. அச்சைக்கிள் ஓட்டமொன்றே பல பிள்ளைகளின் அன்றாட உடற்பயிற்சி. பெற்றோரைக் குற்றஞ் சொல்வதும் நீதியன்று. காணியும் தொழிலும் உறவும் சிதறிய ஒரு சமூகத்திற் பரீட்சைச் சான்றிதழ் ஒன்றே எங்கும் எடுத்துச் செல்லத்தக்க சொத்தாக இருந்தது. அவர்களின் அச்சம் அனுபவத்திற் பிறந்தது. எனினும் அவ்வச்சத்தின் விலையைச் செலுத்துவது பிள்ளையின் உடம்பு.

பெண்பிள்ளை செலுத்தும் விலை மேலும் அதிகம். பதினொரு, பன்னிரண்டு வயது வரை அண்ணன்மாரோடு கிளித்தட்டில் கோடு கடந்து ஓடியவள், பெரியபிள்ளையானதும் வேலிக்குள் நிறுத்தப்படுகிறாள். இயக்கத்திறனின் நோக்கில் இது மிகப் பொல்லாத வேளை. கைகால்கள் விரைவாக நீளும் பருவம் அது, நிறை மாறுகிறது, சமநிலையின் மையம் மாறுகிறது. நேற்றுவரை பழகிய உடம்பு இன்று புதிய உடம்பு. அதனோடு மீண்டும் பழக வேண்டிய காலத்திலேயே களம் மூடப்படுகிறது. பின்னர்ப் பதினைந்து வயதிற் பாடசாலை அணிக்கு ஆள் தேடும்போது, 'பெண்பிள்ளைகளுக்கு ஓட வராது' என்று எளிதாகச் சொல்லி விடுகின்றனர். தர்ஜினியையும் அனித்தாவையும் மேடைகளிற் புகழும் ஊர், அவர்கள் எத்தனை வேலிகளைக் கடந்திருக்க வேண்டும் என்பதை எண்ணினால் நன்று.

எஞ்சியிருப்பது பாடசாலை. அங்கே ஆண்டின் தொடக்கத்தில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வருகிறது. இல்லங்கள் அலங்கரிக்கப்படுகின்றன, அணிநடைக்குச் சீருடைகள் தைக்கப்படுகின்றன, பாண்ட் வாத்தியம் காலையும் மாலையும் முழங்குகிறது. தெரிவுப் போட்டிகள் சில நாளில் முடிகின்றன. முன்கூட்டியே வளர்ந்துவிட்ட பிள்ளைகளும், வயதுப் பிரிவின் எல்லைக்குச் சற்று உட்பட்டு மூத்து நிற்கும் பிள்ளைகளும் தெரிவாகின்றனர். கனடாவின் பனி ஹொக்கி வீரரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தோர் 1985 ஆம் ஆண்டிலேயே இவ்வநீதியைச் சுட்டிக்காட்டினர். ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் அளவுக்கு மீறித் தெரிவாகியிருந்தனர். மார்கழியிற் பிறந்த சிறுவன் தன்னைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவனோடு ஓடித் தோற்று, தனக்கு ஓட வராது என்று முடிவு செய்து, மரநிழலில் அமர்ந்து கைதட்டும் கூட்டத்தோடு சேர்ந்து விடுகிறான். தெரிவானோர் மூன்று நான்கு கிழமைகள் பழகுகின்றனர். திறன் அவர்களிடம் வந்து சேரத் தொடங்கும் நேரத்திற் போட்டி நாள் வந்து விடுகிறது. அன்றைய வெற்றி கல்விக்குச் சான்றாகாது என்ற ஆய்வு முடிவை இங்கே மீண்டும் நினைத்துக்கொள்ளலாம்.

போட்டிக்கு மறுநாள், தடை தாண்டும் சட்டங்களும் உயரம் பாயும் கம்புகளும் மெத்தையும் ஈட்டிகளும் களஞ்சிய அறைக்குள் அடுக்கப்படுகின்றன. சுண்ணாம்புக் கோடுகள் பங்குனி வெயிலில் வெளிறுகின்றன. அப்போதுதான் மூன்றடிக் கம்பை முதன்முறை தட்டாமற் கடந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், அடுத்த உயரத்தை முயன்று பார்க்க வேண்டுமென்று மைதானத்துக்கு வருகிறான். அறை பூட்டியிருக்கிறது, திறப்பு அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த தை வரை அதனை எவரும் கேட்பதில்லை.